மூன்றாம் வாரப் பாடம்

தகரத் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்து எடுத்துவந்து, கரண்டியால் ஓங்கி ஒரு அடி அடித்தாள் விஜயலெட்சுமி. தோட்டத்துத் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவமே திடுக்கிட்டது. சுவரோரம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. சேலைத் தொட்டிலில் கிடந்த கைக்குழந்தை வீரிட்டது. ஹர்ஷிகா மட்டும் திரும்பவில்லை. பால்மா டின் மூடியை இன்னொரு மூடிக்குள் நுழைக்க முடியாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு அதிலேயே கண்ணாக இருந்தாள். விஜயலெட்சுமி இன்னும் கிட்டப் போய் மறுபடி அடித்தாள். அதற்கும் ஒன்றுமில்லை. விஜயலெட்சுமி கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

எல்லாம் அந்தப் போன் செய்த வேலை. தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போய், பிள்ளைகளும் கண்ணயர்ந்த மத்தியானங்களில், காசில்லாமல் படிக்கக் கிடைக்கிற சின்னச் சின்ன வகுப்புகளை அதில் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. ஓ.எல் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவளுக்கு, சும்மா கிடைக்கிறதில் எதை விட மனம் வரும்? முதலில் நட்சத்திரங்களைப் பற்றிப் படித்தாள். அப்புறம் சட்டம், அப்புறம் எரிமலை. வெள்ளைக்காரர் பேசப் பேசக் கீழே ஓடும் தமிழ் சில நேரம் கன்னாபின்னாவென்று உளறும், அவள் விட்டுக்கொடுக்கவில்லை. புருஷன் நிமலன் வகுப்புக்கு வகுப்பு அவளுக்குப் பேர் மாற்றினான். நட்சத்திரத்துக்குச் சோசியக்காரி, சட்டத்துக்கு லோயரம்மா. எரிமலைக்கு மட்டும் பேர் வைக்கவில்லை. "அது ஒனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பாடந்தானே" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவிட்டான்.

நாலாவது வகுப்பு, சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சி. இத்தனை வருசமாக ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கிறவளுக்கு இதில் என்ன புதிதாக இருக்கப்போகிறது என்று அசட்டையாகத்தான் ஆரம்பித்தாள். மூன்றாம் வாரத்தில் பாடம் நடத்திய அம்மாள் சொன்னாள்: அமைதியாக இருக்கிற பிள்ளையெல்லாம் சமர்த்துப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள், பின்னாலிருந்து ஒரு சத்தம் போட்டுப் பாருங்கள்.

ஹர்ஷிகாவுக்குச் சமர்த்துப் பட்டம் கொடுத்ததே விஜயலெட்சுமிதான். எத்தனை பிள்ளை கத்தினாலும் அவள் தூக்கம் கலையாது. "இவளப் போல ஒன்ன நா பாத்ததில்ல, தங்கமான புள்ள" என்று அந்தியில் தூக்கிக் கொடுக்கும்போதெல்லாம் சொல்லுவாள். தாய் தனுஜாவின் முகம் அப்போது பூரித்துப்போகும். கரு கலைந்து கலைந்து கடைசியில் தங்கிய பிள்ளை. புருஷன் கொழும்பில் ஏதோ கடையில் வேலை, எப்போதாவது வருவான். ஊர் வாயிலிருந்து தனுஜாவுக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதையும் பிடுங்க வேண்டுமா, பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தாள் விஜயலெட்சுமி. ஆனால் பேச்சு வரவேண்டிய வயது போய்க்கொண்டிருக்கிறது. சீக்கிரம் காட்டினால் வழியிருக்கிறது, நாள் கடந்தால் கஷ்டம் என்றும் அதே பாடம் சொல்லியிருந்தது.

அன்று அந்தியில் மற்றத் தாய்மார் போகும்வரை தனுஜாவை நிறுத்திவைத்தாள்.

"தனுஜா, கோவிச்சுக்காத. புள்ளைக்குக் காது கேக்குதான்னு ஒருக்கா பதுளை ஆஸ்பத்திரியில காட்டிருவோம்."

தனுஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பிள்ளையை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

"யாரு சொன்னா?"

தட்டையும் கரண்டியையும் பற்றி விஜயலெட்சுமி சொன்னாள். போனைப் பற்றியும் சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"போன்ல எதையோ பாத்துட்டு எம்புள்ளையச் செவிடுங்கிறீங்களா? போன மாசம் மலைக்குள்ள நெருப்பு இருக்குன்னீங்க. இப்ப இதா? நீங்கதானேக்கா தங்கமான புள்ளன்னீங்க?"

மறுநாள் ஹர்ஷிகா மடுவத்துக்கு வரவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டுக் கிழவி அங்கம்மாவிடம் விட்டுவிட்டுத் தனுஜா மலைக்குப் போகிறாள் என்று தெரிந்தது. விஜயலெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. நிமலன்கூடக் கேலியை மறந்துவிட்டான்.

"நீ சொன்னது சரின்னா அவளே வருவா."

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா நல்லதுதானே."

அது அவளுக்குத் தோன்றவேயில்லை. தான் சொன்னது தப்பாகப் போகட்டும் என்று அன்றிலிருந்து மாரியம்மனை வேண்டிக்கொண்டாள்.

வாரக் கடைசியில் ஒரு பின்னேரம் இடியோடு மழை பிடித்தது. லயத்து வீடுகளின் கூரைத் தகரமெல்லாம் கிடுகிடுத்தது. திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகாமல், நல்ல சேலை உடுத்தி, பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி போட்டு மடுவத்து வாசலில் நின்றாள் தனுஜா.

"எம்மடியிலதான் படுத்திருந்தா. அவ்வளவு பெரிய இடி. நானே கத்திட்டேன். இவ கண்ணத் தொறக்கல." பிள்ளையின் தொப்பியை இழுத்துவிட்டாள். "நீங்களும் வாங்கக்கா. எனக்குப் பயமா இருக்கு."

விஜயலெட்சுமி தன் வேண்டுதலை நினைத்துக்கொண்டாள். கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, மடுவத்துக்கு அங்கம்மாவை உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

தெமோதரையில் பதுளை பஸ்ஸில் இடம் கிடைத்தது. வளைவுகளில் பஸ் ஆட ஆடப் பிள்ளைக்குத் தூக்கம் வந்தது. தனுஜா அவளை நெஞ்சோடு சாய்த்து, பழக்க தோஷத்தில் தாலாட்டை முணுமுணுத்தாள். பாதியில் சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா, அப்ப இம்புட்டு நாளா நா பாடுனதெல்லாம்?"

எந்த வாரத்துப் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை. விஜயலெட்சுமி தனுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண் சொருகிக் கிடந்த ஹர்ஷிகா விழித்தாள். சிணுங்கினாள். தாயின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கையை மேலே நீட்டி, உள்ளங்கையைத் தாயின் தொண்டையில் வைத்து அழுத்தினாள். அங்கே அதிர்வு ஒன்றும் இல்லாததைக் கண்டு இன்னொரு முறை, கோபமாக, அழுத்தினாள்.

தனுஜா கண்ணைத் துடைக்காமலே பாடத் தொடங்கினாள். கை அங்கேயே இருந்தது.