குழாயோடு விளையாடிய பிள்ளை

என் மகள் வேலைக்குக் கிளம்பும்போது தினமும் ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள்.

"அப்பா, குண்டுவைச் சும்மா படுக்கப் போட்டு வைக்காதீங்க. பொம்மையைத் துணிக்குள்ள ஒளிச்சுத் தேட விடுங்க. அவன் எதையாவது தட்டினா நீங்களும் திருப்பித் தட்டுங்க. அப்பதான் மூளை வளருமாம்."

"உனக்கு யாரு தட்டினா? வளரலையா?"

"வளந்திருந்தா உங்ககிட்ட புள்ளைய விட்டுட்டுப் போவேனா? முடியலைன்னா சொல்லிடுங்க, காப்பகத்துல விட்டுடறேன்."

காப்பகம் என்றாலே எனக்கு ஆகாது. சம்பளம் வாங்கிக்கொண்டு கொஞ்சுகிறவர்களை நான் நம்புவதில்லை. அதோடு, பேரன் போய்விட்டால் பகல் முழுக்க இந்த வீட்டில் நான் எதோடு பேசுவது, நாற்காலியோடா?

குண்டு உட்காருவான், இன்னும் தவழவில்லை. கூடத்துச் சுவரோரம் தரையை ஒட்டி ஒரு பழைய இரும்புக் குழாய் குளியலறைக்குப் போகிறது. அவன் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து அதன் பக்கத்தில் உட்காரவைத்தேன். நான் காலமெல்லாம் குழாய் வேலை செய்தவன். எனக்குத் தெரிந்த தட்டெல்லாம் வேலைத் தட்டுதான். ஒரு தட்டு, 'இருக்கேன்'. இரண்டு, 'திற'. மூன்று, 'மூடு'. நான் கீழே இருந்து தட்டுவேன், என் ஜோடிக்காரன் மாடியிலிருந்து பதில் தட்டுவான். ஒட்டடை என்றுதான் அவனைக் கூப்பிடுவோம், ஆள் அவ்வளவு ஒல்லி. தட்டும் முன்னால் ஸ்பானரைக் குழாயில் ஒரு இழுப்பு இழுப்பான், கிறீச் என்று. முதலில் கூப்பிட்டவன் சொல்வதைத்தான் கேட்பான், நடுவில் முதலாளியே வந்து தட்டினாலும் அசையமாட்டான். ஆள் மாறினால் எவன் தலையிலாவது வெந்நீர் கொட்டும் என்பான். போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டான்.

அந்தத் தட்டுகளையே குண்டுவுக்கும் தட்டிக் காட்டினேன். ஒன்றும் இரண்டும் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. மூன்று வரவில்லை. பால் ஆற்ற நான் சமையலறைக்குப் போனேன். பின்னால் குண்டு தானாகவே ஒரு தட்டுத் தட்டினான்.

கிறீச். டங்.

குழாய்க்குள்ளிருந்து பதில் வந்தது.

மேல் வீட்டுக்காரன் வேலையாக இருக்கும் என்று மாடி ஏறிப் பார்த்தேன். பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது. சரி, குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று தண்ணீர் வரும் மெயின் வால்வையே மூடிவிட்டு வந்தேன். அப்போதும் குண்டு தட்டினான். அப்போதும் கிறீச், டங். அவன் கெக்கெக்கே என்று சிரித்தான். என்னோடு விளையாடும்போது அப்படி ஒரு சிரிப்புச் சிரித்ததில்லை.

சிரித்துக்கொண்டே இரண்டு தட்டுத் தட்டினான்.

குளியலறையில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

ஓடிப்போய்க் குழாயைத் திருகினேன். இறுகியிருந்தது. நானே ஸ்பானரால் மூன்று தட்டுத் தட்டினேன். பதில் இல்லை. குண்டுவின் கையைப் பிடித்துத் தட்டவைத்தேன். அதற்கும் இல்லை. தண்ணீர் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையில் மூன்று மூன்றாகத் தட்டிக் காட்டினேன். "பாருடா ராஜா. தாத்தாவைப் பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு." என் வேட்டி நனைந்து கனத்தது. அவன் கரண்டியைத் தூக்கினான்.

டங், டங். கொஞ்சம் யோசித்து, டங்.

தண்ணீர் நின்றது. சமையலறை ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசல் கதவுத் தாழ்ப்பாள் தானாகப் போய் விழுந்தது.

"அப்பா! எதுக்கு உள்ள தாழ் போட்டிருக்கீங்க?" வெளியே மகள். சீக்கிரம் வந்துவிட்டாள்.

தாழ்ப்பாளை இழுத்தேன். பாறை மாதிரி இருந்தது. பின்னால் கிறீச் என்று ஒரு இழுப்பு. தட்டு வரவில்லை. ஒட்டடை அப்படிச் செய்தால், அடுத்து என்ன என்று கேட்கிறான் என்று அர்த்தம். குண்டு கரண்டியை ஓங்கிக்கொண்டிருந்தான். புதிதாகக் கற்ற மூன்றைத்தான் போடுவான். மூடச் சொன்னால் இந்த வீட்டில் இனி மூட என்ன மிச்சம் இருக்கிறது? எங்கள் மூச்சுதான்.

டங். டங்.

மூன்றாவதற்குக் கை மேலே போனது. பாய்ந்து என் கையைக் குழாய்மேல் வைத்தேன். கரண்டி என் விரல் முட்டியில் இறங்கியது. அதைப் பிடித்து இழுத்தேன். கதவு அகலத் திறந்தது.

"என்னப்பா இது, வீடெல்லாம் தண்ணி? புள்ள கையிலேர்ந்து எதுக்குப் பிடுங்கறீங்க?"

சொன்னால் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்பாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

"நாளைக்கே காப்பகத்துல விட்டுடு."

"நிஜமாவா? நீங்களா சொல்றீங்க?"

"முடியலம்மா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்தாள்.

குண்டு காப்பகம் போக ஆரம்பித்தபின் குழாய் ஒரு சத்தமும் போடவில்லை. நான் தட்டிப் பார்த்தேன். இல்லை.

நேற்று மகள் குண்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். "உங்க பேரன் கெட்டிக்காரனாம். அங்க இருக்கற புள்ளைங்க எல்லாத்துக்கும் தட்டக் கத்துக்கொடுத்துட்டானாம். எல்லாம் வரிசையா உக்காந்து சுவரோரம் இருக்கற குழாயில தட்டுதுங்களாம்."

"எத்தனை தட்டு?"

"அதை யாருப்பா எண்ணுவா?"