நத்தை ஓட்டு வரிசை

அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அக்கா வீட்டின் பின்பக்க ஏரிக்கரையில் நின்ற நாடாக்காரர் கேட்டார்: "எங்க நிக்கட்டும் மேடம்? இங்கயா, கீழயா?"

பதினெட்டு வருடமாக என்னோடு நாடா பிடிப்பவர். கேட்கவே தேவையில்லாத கேள்வி அது. இன்று தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது எங்களுக்கு முக்கியமில்லை. நிறைந்த வருடங்களில் எதுவரை ஏறி வந்தது என்பதுதான் முக்கியம். அதற்கு ஏரியே கோடு போட்டு வைத்திருக்கும்: செத்த நத்தைகளின் வெள்ளை ஓடுகள், கரை நெடுக, ஒரு முழ அகலத்துக்கு. அந்த வரிசையிலிருந்து முப்பது மீட்டருக்குள் சுவர் எழும்பக் கூடாது. வீடுகளிலிருந்து வழிகிற அழுக்கு அந்த முப்பது மீட்டர் மண்ணிலும் கோரையிலும் வடிந்த பிறகுதான் ஏரிக்குப் போக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மழை பொய்த்த ஒரு கோடையில், இதே இடத்தில் நான் அவரைக் கீழே நிற்கச் சொன்னேன். ஓட்டு வரிசையைத் தாண்டி, மூன்று மீட்டர் இறங்கி, தண்ணீர் ஓரத்தில். அங்கிருந்து முப்பது எண்ணிக் குச்சி நட்டேன். அத்தான் பக்கவாதத்தில் விழுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கட்டில் நுழைகிற கதவும் தண்ணீர் தெரிகிற ஜன்னலுமாக அக்காவுக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. தவறுதலாக நடந்துவிட்டது என்று எனக்கே நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வெயில், அவசரம், தலைவலி. ஆனால் அன்று கீழே இறங்கியபோது செருப்படியில் ஓடுகள் நொறுங்கின. கேட்காதது போல நடந்தேன். கேட்டது.

அடுத்த வாரமே பக்கத்து மனையில் படகுக்காரரின் கொட்டகையை அளந்தேன். ஓட்டு வரிசையிலிருந்து, ஒரு விரல் பிசகாமல். இரண்டு மீட்டர் குறைந்தது. இடித்தார்கள். இப்போது அவர் கொடுத்த மனுவின் பேரில்தான் இந்த மறுஅளவை. சொந்த அக்காவின் வீட்டை நான் அளப்பது முறையில்லை என்று மேலதிகாரிக்கு எழுதினேன். இந்த அலுவலகத்துக்கு இருப்பது ஒரே நில அளவையர் என்று பதில் வந்தது.

சாட்சிக்கு நிற்க வேண்டிய படகுக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். "ஏன் மேடம், தண்ணி ஆள் பார்த்துத்தான் ஏறுமா?" என்றார். நான் சாட்சிப் படிவத்தை நீட்டினேன். அளக்கும் முன்பே கையெழுத்தைப் போட்டுவிட்டுத் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டார். "நீங்க அளந்தா சரிதான். நான் நின்னா உங்களுக்குக் கை நடுங்கும்." போய்விட்டார். இப்போது ஏரி நடுவில் ஒரு புள்ளியாகத் தெரிந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அக்கா பின்வாசலில் நின்றாள், கையில் அத்தானின் வாய் துடைக்கிற துணியோடு.

"நீ நட்ட குச்சியப் பார்த்துத்தானேடி அஸ்திவாரம் தோண்டுனேன்?"

"ஆமாக்கா."

"அப்ப சரியா இருந்தது இப்ப எப்படித் தப்பாச்சு? குச்சி நடந்து போச்சா?"

நாடாக்காரர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த மனுஷன் அந்த ஜன்னலத் தவிர வேற எதையும் பாக்குறதில்ல. அறைய இடிச்சா எங்க கொண்டுபோய்ப் போடட்டும்? உன் தலையிலயா?" குரல் சட்டென்று தணிந்தது. "கேக்குறாருல்ல, இங்கயா கீழயான்னு. ஒரு வார்த்தைதானே. சொல்லேன்."

சின்ன வயதில் நான் உடைத்த சாமான்களுக்கெல்லாம் அடி வாங்கியவள் அவள். அப்போதும் இதே குரல்தான், நாந்தாம்மா உடைச்சேன் என்று.

"மேலயே நில்லுங்க," என்றேன். "ஓட்டு மேல."

நாடாவின் பெட்டியை எடுத்துக்கொண்டு கோரையை விலக்கி நடந்தேன். அறையின் கழிவுக்குழாய் வாய் திறந்து கிடந்த இடத்தில் மண் பச்சையாகக் குழைந்திருந்தது. ஜன்னலில் இருபத்தேழு மீட்டர். நாடாவைக் கம்பிகளுக்கு நடுவே உள்ளே நுழைத்துவிட்டு, சுற்றிவந்து அறைக்குள் போய் மீதியை இழுத்தேன். அது தரையைக் கடந்து, கட்டில் சட்டத்தைத் தாண்டி, போர்வைமேல் ஏறி, அத்தானின் இடுப்பருகே முடிந்தது. முப்பது.

"தான் வேலை பாக்குறத அத்தானுக்குக் காட்ட வந்துட்டாளாம்," என்றாள் அக்கா பின்னால்.

அத்தான் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு நாடாவை. குறிப்பேட்டை எடுக்க நான் பையில் கையை விட்டபோது நாடா வழுக்கி ஜன்னல் பக்கம் நகர்ந்தது. அவருடைய நல்ல கை, இடது கை, மெதுவாக ஊர்ந்து வந்து அதன் முனையைப் பிடித்தது. எனக்கு உதவுவதாக நினைத்திருக்க வேண்டும். இழுத்து, போர்வைமேல் பழைய இடத்திலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். நகம் வெளுத்தது.

"எவ்வளவு மேடம்?" வெளியே கரையிலிருந்து குரல் வந்தது.

நாடா விறைப்பாக நின்றது. அவர் விரலை எடுக்கவே இல்லை.