கராம்பு மணம்

இலட்சுமிப்பிள்ளைக்கு ஒப்பரேசன் செய்து வலது முழங்கால் மூட்டை மாற்றி ஒரு மாதம் தாண்டிவிட்டது. நெடுந்தீவு வீட்டிலே ஊன்றுதடியோடு குசினிக்கும் கிணற்றடிக்கும் அவள் பாட்டுக்கு நடந்து திரிந்தாள். ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் அலைந்தவர் புருஷன் பரமலிங்கம்தான்.

காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து டொக்டர் போனில் சொன்ன செய்தி அப்படி. பிள்ளைகளே, உங்களுக்கு விளங்கச் சொன்னால், இரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒன்று பார்ப்பார்கள். உடம்பில் எங்காவது புண்ணோ வீக்கமோ இருந்தால் அது ஏறும். ஒப்பரேசன் முடிந்த கையோடு அது எக்கச்சக்கமாக ஏறியபோது பரமலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாருக்கும் இப்படித்தான் ஏறி இறங்கும் என்று மருந்து கட்ட வந்த மிஸி சிரித்தாள். சொன்னபடி இறங்கியது. இறங்கினது இப்போது திரும்ப ஏறியிருக்கிறது. அதுதான் டொக்டருக்குப் பிடிக்கவில்லை. புது மூட்டில் கிருமி பிடித்திருந்தால் திரும்பத் திறந்து கழுவவேண்டும், சிலவேளை பூட்டினதைக் கழற்றவும் வேண்டி வரும், நாளைக்கே கூட்டி வாருங்கள் என்றார். அதற்குள் வீட்டில் கிடக்கிற அன்ரிபயோட்டிக் எதையும் கொடுத்துவிட்டால் சோதனையில் கிருமியைக் கண்டுபிடிக்க ஏலாது என்றும் சொன்னார்.

பரமலிங்கம் இறங்குதுறைக்குப் போய்க் காற்றைப் பார்த்தார். நாளைக்குப் படகு ஓடும் என்றார்கள். வீட்டுக்கு வந்து புறங்கையால் அவள் முழங்காலைத் தொட்டார். சூடில்லை. சிவப்பும் இல்லை. திரும்பத் துறைக்குப் போய், படகு ஓடுமோ என்று இன்னொருவரிடம் கேட்டார். வந்து மறுபடி குனிந்தபோது அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"மாடு வாங்கப் போறவர் மாதிரித் தடவிக்கொண்டு நிக்காதேயுங்கோ."

அந்தப் பேச்சோடு கராம்பு மணம் வந்தது.

என்ன வாய்க்குள்ளே என்று கேட்டார். இருமலுக்காம். அவள் இருமி அவர் கேட்டதேயில்லை. கொஞ்ச நாளாகப் பாண் துண்டைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத் தின்றதும், ஒரு பக்கத்தாலேயே மென்றதும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"வாயைத் திறவும்."

"நீங்கள் என்ன, பல்லு டொக்டரோ?"

"திறவுமப்பா."

கடைவாய்ப் பல் கறுத்து, அதைச் சுற்றின முரசுச் சதை வீங்கியிருந்தது. ஒப்பரேசனுக்கு முன்னம், பல்லில் ஏதும் நோவோ என்று ஆஸ்பத்திரியில் கேட்டதும், இவள் இல்லையென்று தலையாட்டியதும் அவருக்கு முன்னாலேதான்.

"பல்லெண்டு சொன்னால் திகதியைத் தள்ளிப்போட்டிருப்பினம்," என்றவளின் குரல் இறங்கியது. "இவ்வளவு காலமும் என்னைக் கைத்தாங்கலாக் கக்கூசுக்குக் கொண்டுபோனது காணாதோ? உங்கட முதுகு என்ன இரும்போ?"

ஏசுவதற்கு வாயெடுத்தவர், போனை எடுத்து டொக்டருக்குப் பல்லு விஷயத்தைச் சொன்னார்.

பல்லினால் மட்டும் ஏறியிருக்கவும் கூடும், பல்லின் கிருமி இரத்தத்தோடு முழங்காலுக்குப் போயிருக்கவும் கூடும், பார்த்தால்தான் தெரியும் என்றார் டொக்டர். மறுநாள் முழங்காலில் ஊசி குத்தி நீர் எடுத்து அனுப்பினார்கள். பிறகுதான் பல்லைப் பிடுங்கினார்கள். நீரில் கிருமி வளருகிறதோ என்று பார்க்கச் சில நாள் செல்லும். யாழ்ப்பாணத்தில் அவளுடைய தங்கை அம்பிகை வீட்டில் தங்கினார்கள். பரமலிங்கம் போனைக் கையில் பிடித்தபடி வாசல் படலைக்கும் கதிரைக்கும் நடந்துகொண்டேயிருந்தார்.

"அத்தான், இப்பிடி நடந்தால் உங்களுக்கும் முழங்கால் மாத்தவேணும்," என்றாள் அம்பிகை.

கடைசியில் போன் வந்தது. கிருமி ஒன்றும் வளரவில்லை. பல் போனபின் எடுத்த இரத்தத்தில் சி.ஆர்.பி.யும் இறங்கியிருந்தது. ஆனாலும் விடாமல் வந்து சோதனைக்கு இரத்தம் கொடுக்கவேண்டும் என்றார்கள்.

நெடுந்தீவுக்குத் திரும்பும்போது குறிகட்டுவான் துறையில் படகு ஆடிக்கொண்டு நின்றது.

"இனி என்னட்டை ஒண்டும் ஒளிக்கப்படாது," என்றார் பரமலிங்கம். "வேறை எங்கையும் நோகுதோ?"

இலட்சுமிப்பிள்ளை கடலைப் பார்த்தாள்.

"மற்ற முழங்கால்."

படகுக்காரர் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார். பரமலிங்கம் அசையவில்லை.

"எவ்வளவு நாளா?"

அவள் கையை நீட்டினாள். "முதல் என்னை ஏத்துங்கோ. சொல்லுறன்."