ஜீவராணிக்கு இரண்டு கதிரை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் எடுத்தேன். வெள்ளவத்தை பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் போனில் யாருக்கோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். பாதிக் கதையோடு தெஹிவளையில் இறங்கிவிட்டாள். மீதி என் தலையில் விழுந்தது.

2

கொட்டாஞ்சேனை வானத்தில் காகங்கள் கூட்டமாக— (வேண்டாம். காகத்துக்கும் அப்ரைசலுக்கும் என்ன சம்பந்தம்?)

ஜீவராணி கொட்டாஞ்சேனைக்காரி. பெரிய காப்புறுதிக் கம்பனியொன்றில் கிளார்க். அங்கேயே தொழிற்சங்கப் பிரதிநிதி. அப்ரைசல் என்கிற வருட மதிப்பீட்டில் ஐந்துக்கு மூன்று புள்ளியாவது இல்லாவிட்டால் பதவி உயர்வு கிடையாது. முன்பெல்லாம் மனேஜர் நமசிவாயம் ஊழியர்களைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தில் உற்சாகம் போதாது என்று இரண்டு போட்டு அனுப்பிவிடுவார். சங்கம் சண்டை பிடித்து ஒரு விதி கொண்டுவந்தது: பிரதிநிதி பக்கத்தில் இராமல் யாருக்கும் புள்ளி போடக் கூடாது. அதன் பிறகு, உற்சாகத்தை எதனால் அளந்தீர்கள் என்று ஜீவராணி கேட்பாள். நமசிவாயம் இருமுவார். இரண்டு மூன்றாகும்.

நாற்பத்தொரு பேருக்கு அப்படி இருந்து கொடுத்தாள். நாற்பத்திரண்டாவது ஆள் அவளே.

3

(நமசிவாயத்தை வில்லனாக்கிப் பார்த்தேன். மீசையும் வைத்தேன். விதிக்குப் பயந்த மனுசன், ஒட்டவில்லை.)

பிரதிநிதி வராமல் தொடங்க ஏலாது என்றார் அவர். நான்தான் பிரதிநிதி என்றாள். அப்படியென்றால் ஊழியர் எங்கே என்றார். ஜீவராணி எழும்பி இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

இடது கதிரை ஊழியருக்கு. அதில் அவள் இருந்ததும், மூன்று மாதமாக மேசையில் ஆளைக் காணவில்லை என்று நமசிவாயம் படிவத்தை வாசித்துவிட்டு, ஒன்று போடப் பேனையைத் திறந்தார். அவள் பிரதிநிதிக்கான வலது கதிரைக்கு மாறினாள். குரல் தானாகவே தடித்தது.

"சேர், ஜீவராணி அந்த நாளெல்லாம் இந்த அறையிலதான் இருந்தவ. நாற்பத்தொரு படிவத்திலயும் உங்கட கையெழுத்துக் கிடக்கு."

அது உண்மையோ என்று நமசிவாயம் காலிக் கதிரையைக் கேட்டார். ஜீவராணி ஓடிப்போய் அதில் இருந்து, ஓம் சேர் என்றாள். அந்த "ஓம்" எவ்வளவு சின்னதாக வந்தது என்று அவளுக்கே கேட்டது. ஊருக்காகத் திறக்கிற வாய் தனக்கென்றால் ஏன் ஒட்டிக்கொள்கிறது? அவள் இந்த முறை மாறவில்லை.

"எனக்கு நாலு வேணும் சேர். செய்த வேலைக்கு."

நமசிவாயம் எழும்பிக் கதவைச் சாத்தினார். நாளைக்குத் தனக்கும் மேலிடத்தில் மதிப்பீடு இருக்கிறதாம், மனேஜர்மாருக்குச் சங்கமில்லையாம்.

"ஒருக்கா வந்து பக்கத்தில இருப்பியளோ?"

4

முதல் முடிவு: நாலு போட்டார், மறுநாள் அவள் அவருக்குத் துணையாகப் போனாள். (லஞ்சம் மணக்கிறது.)

இரண்டாவது: மூன்று போட்டார், அவள் போகவில்லை, அவர் தனியே— (பாவம். என்னால் முடியவில்லை.)

ஆகவே இப்போது நடப்பதை மட்டும் சொல்கிறேன். முதலில் புள்ளியைப் போடுங்கள், பிறகு கதைப்பம் என்கிறாள் ஜீவராணி. பேனை கட்டத்துக்கு மேலே நிற்கிறது. இலக்கத்தை வாசிக்கிற நீங்களே எழுதுங்கள். கீழே "காரணம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதையும் நிரப்பினால்தான் செல்லும்.