இங்கே வேலை செய்யாதவன்

கிழக்கு வெளுக்கும் முன்பே நிலக்கரிச் சுரங்கம் தொழிலாளர்களை விழுங்கிவிட்டது. இமானலி ஈரப் பாறையில் ஒருக்களித்துப் படுத்துப் பிக்காசை ஓங்கினான். கரித்தூள் இமையில் அப்பியது, நாக்கில் கந்தகம் கசந்தது. அவன் அடித்தால் பாறைக்குள்ளும் ஓர் அடி கேட்டது. நிறுத்தினால் அதுவும் நின்றது.

எதிரொலிதான். ஆனால் போன மாதம் கூரை சரிந்தபோது, பக்கத்தில் கரி வெட்டிக்கொண்டிருந்த மெதெர் மாட்டிக்கொண்டதும் அதே இடத்தில்தான். உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருந்தான். இமானலி நகம் பெயரக் கல்லை விலக்கி அவன் கையைத் தொட்டபோது தட்டல் ஓய்ந்திருந்தது.

மதியம் எல்லோரும் மேலே வந்தபோது மெதெரின் மனைவி சைரா பனியில் நின்றாள். முதலாளி கெமெல் காரைவிட்டு இறங்காமல் பேசினார்.

"ஓய்வூதிய ஆபீஸ்ல கேட்டாங்க. அப்படி ஒருத்தன் இங்க வேலையே செய்யலைன்னு சொல்லிட்டேன். கரி திருட வந்த இடத்துல செத்தான். அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஏழு வருசமாவா திருடுனாரு?" என்றாள் சைரா.

கெமெல் இமானலியைப் பார்த்தார். "நீ சொல்லுடா. அவன் இங்க வேலை செஞ்சானா?"

அலாய் மலையிலிருந்து காற்று சீறியது. வீட்டில் அணைந்து கிடக்கும் அடுப்பு இமானலிக்கு நினைவு வந்தது. உள்ளங்கையில் மெதெருடைய கையின் சூடும் இருந்தது.

"செஞ்சான் முதலாளி. என் பக்கத்துலதான் செஞ்சான். நாளைக்கு என் மேல கூரை விழுந்தா நானும் திருடனா?"

"உங்க எல்லாருக்கும் ஓய்வூதிய நிதி கட்டுனா நான் பிச்சைதான் எடுக்கணும்!"

"காரை வித்துட்டு வாங்க. ஆளுக்கொரு ரொட்டி போடுறோம்" என்றான் கூட வேலை செய்யும் அப்தாஸ், இருமலுக்கிடையே.

யாரோ சிரித்தார்கள். கெமெலின் முகம் கறுத்தது.

"சுரங்கத்துல இறங்குறவன் இறங்கு. மத்தவன் இனி இந்தப் பக்கமே வரக் கூடாது."

ஒருவரும் இறங்கவில்லை. இமானலி பிக்காசைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க அண்ணி, நகரத்துக்குப் போவோம்" என்றான். கரி படிந்த முகங்கள் அவர்கள் பின்னால் மலைப்பாதையில் இறங்கின.

ஓய்வூதிய அலுவலகத்தின் எழுத்தர் கதவைப் பாதி திறந்து திகைத்தார். "இத்தனை பேருமா சாட்சி?"

"சாட்சியும் நாங்கதான், அடுத்த பொணமும் நாங்கதான்" என்றான் அப்தாஸ். "உசுரோட இருக்குறப்பவே பேரை எழுதிக்குங்க ஐயா."

எழுத்தர் கதவை மூடிக்கொண்டார். படிக்கட்டில் பனி விழத் தொடங்கியது. சைரா முதல் படியில் அமர்ந்தாள். அவளையொட்டி இமானலி அமர்ந்தான். அவனையொட்டி அப்தாஸ். பிறகு ஒவ்வொருவராக, தோளோடு தோள் நெருங்கி, கதவுக்கு வழியே இல்லாதபடி எல்லோரும் அமர்ந்தார்கள்.