நொடிக்குப் பதின்மூன்று படம்

வோல்க்மார் கயிற்றை நம்பாத மனிதர். அவருடைய உத்தியோகமே அதுதான். லூனபுர்க் வட்டாரத்து லிஃப்ட்டுகளின் உச்சி அறைகளில் ஏறி, இரும்புக் கயிற்றில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று டார்ச் அடித்து எண்ணிக் கையெழுத்துப் போடுகிறவர். அப்படிப்பட்டவருடைய மனைவி ஐம்பத்தோரு வயதில் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பினால் அவருக்கு எப்படி இருக்கும்? விமானம்தான், ஆனால் இஞ்சின் கிடையாது. மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் வின்ச் ஒரு கிலோமீட்டர் கயிற்றைச் சரசரவென்று சுருட்ட, கிளைடர் பட்டம் போல மேலே ஏறும். இம்கே அதில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போவாள். அவர் வேலியோரம் நின்று அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏறும்போது கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு மனப்பாடம். வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும் கிளைடர் இரண்டு நொடியில் வேகத்தை இழந்து கல் மாதிரி விழும். அறுந்த கணமே ஓட்டும் கோலை முன்னால் தள்ளி மூக்கைக் கவிழ்த்தால்தான் பிழைக்கலாம். போன அக்டோபரில் பயிற்சியாளர் ஹைட்ரூன் பின் இருக்கையிலிருந்தபடி, சொல்லாமல் கொள்ளாமல் கயிற்றைக் கழற்றிவிட்டு இம்கேயைச் சோதித்தார். இம்கே நோட்டரி அலுவலகத்துக்காரி, எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் முத்திரை குத்துவாள். அன்றைக்கும் யோசித்தாள். ஹைட்ரூன் கோலைப் பிடுங்கி, எப்படியோ புல்லில் மோதி இறக்கினார். இம்கே சிரித்தபடி இறங்கி வந்தாள். வோல்க்மார் காருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

"குளிர்காலம் பூரா வீட்ல உட்கார்ந்து பழகு. ஏப்ரல்ல பார்ப்பேன். அப்பவும் இதே கதைன்னா தனியா பறக்கிற ஆசையை விட்டுடு" என்றார் ஹைட்ரூன்.

இம்கே தோற்றுப்போக வேண்டும் என்று வோல்க்மார் வேண்டாத நாள் இல்லை. ஆனாலும் அவள் கேட்டதும் வீட்டில் கணினித் திரையில் பறந்து பழகும் சிமுலேட்டரைக் கட்டிக் கொடுத்தவர் அவரேதான். அவள் விழப்போகிறாள் என்றால் வீட்டுக்குள்ளேயே விழட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

கணினி பழசு. அதில் அவர்களுடைய மைதானத்தை அப்படியே கொண்டுவரப் பார்த்தார். புல்லைக் கூட்டினால் படம் திக்கியது. நிழலை அணைத்தால் நொடிக்கு நாலு படம் மிச்சமானது, மேகத்தைக் குறைத்தால் இன்னும் இரண்டு. நொடிக்கு எத்தனை படம் என்று திரை மூலையில் ஓடும் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே நவம்பர் முடிந்தது. இம்கே எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுத்தாள், மைதானத்துக் கோடியிலுள்ள பைன் மரங்களை மட்டும் விடவில்லை.

"அந்த மரம் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பார்த்துத்தான் நேரா இறங்கறதா திரும்பறதான்னே முடிவு பண்ணணும். எடுத்துடாதே."

"ஒவ்வொரு மரமும் ரெண்டு படத்தைத் தின்னுது, இம்கே. பதின்மூணுல நிக்குது. பார், எப்படித் தத்தித் தத்திப் போகுதுன்னு."

"லிஃப்ட்டையே ஓட வைக்கிற, ஒரு மரத்தை நிக்க வைக்க முடியலையா உன்னால?"

கேலிக்கு ரோஷப்பட்டு அமைப்புப் பட்டியலைத் துழாவினார். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. படம் தாமதமானால் ஓட்டத்தைச் சீராக்கவும் என்று ஏதோ எழுதியிருந்தது. முழுதாகப் படிக்காமல் டிக் போட்டார். மரங்களும் நின்றன, தத்தலும் போயிற்று. இம்கே வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். அன்றிலிருந்து தினம் இருபது தடவை கயிறு அறுந்தது, இருபது தடவையும் பிழைத்தாள். டப் என்று சத்தம் வரும், நிதானமாக ஒரு மூச்சு விடுவாள், கோலைத் தள்ளுவாள். அந்த ஒரு மூச்சு அவள் கையோடு ஒட்டிக்கொண்டது.

ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை சோதனை. எட்டு மணிக்கே இம்கே மைதானத்துக்குப் போய்விட்டாள். கிளப்புக்குக் கொண்டுபோகிற உருளைக்கிழங்கு சாலடுக்காக வோல்க்மார் கிழங்கை அடுப்பில் ஏற்றினார், சமையலறை மணியை இருபது நிமிடத்துக்குத் திருகினார். சும்மா இருந்தால் பயம் பிடுங்கித் தின்னும் என்று சிமுலேட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரைக்குள் ஓடும் கடிகாரத்தில் மணி பத்து. இரண்டு மூன்று தரம் ஏறி இறங்கினார். சமையலறை மணி அடித்தது. திரையில் பத்து பதின்மூன்றுதான் ஆகியிருந்தது.

மணிதான் கெட்டுப்போயிற்று என்று முதலில் நினைத்தார். கிழங்கில் கத்தியைக் குத்திப் பார்த்தார். பூ மாதிரி வெந்திருந்தது. கிழங்கு பொய் சொல்லாது.

கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். கடிகாரத்தில் அறுபது நொடி, திரையில் முப்பத்தொன்பது. அப்போதுதான் அந்தக் கட்டத்துக்குப் போய் எல்லா வரியையும் படித்தார். படம் போதாவிட்டால் காலத்தையே மெதுவாக்கு என்பதுதான் அதன் பொருள். பைன் மரங்களைக் காப்பாற்ற அந்தப் பெட்டி நொடிகளை இழுத்து நீட்டியிருக்கிறது. ஐந்து மாதமாக இம்கே நிஜத்தைவிட மெதுவாக விழும் கிளைடரில் பழகியிருக்கிறாள். அந்த நிதானமான மூச்சுக்கு நிஜத்தில் இடமே இல்லை. அதைச் செய்து வைத்தவர் அவர்.

 அவள் போனுக்கு அடித்தார், அது கிளப் அலமாரியில் கிடந்து அலறியிருக்கும். கிளப் எண்ணிலும் ஆளில்லை. அடுப்பை அணைத்தாரா என்ற நினைவுகூட இல்லாமல் காரை எடுத்தார். பதினாலு கிலோமீட்டர். வழியெல்லாம் அந்த ஊர் வழக்கப்படி நொடிக்கு ஓர் எண்ணாக இருபத்தொண்ணு, இருபத்திரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனார். எண்ண எண்ண நொடி குட்டையாகிக்கொண்டே வருவதுபோல் இருந்தது.

மைதானத்தில் இம்கே முன் இருக்கையில், ஹைட்ரூன் பின்னால். தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியாயிற்று, கயிறு மாட்டியாயிற்று. மருந்துக்கடை ஊபோ இறக்கையின் நுனியைத் தூக்கிப் பிடித்து நின்றார். கயிறு புல்லில் மெல்ல நகர ஆரம்பித்தது.

அந்த மைதானத்தில் ஒரு சட்டம் உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவனாக இருந்தாலும் சரி, ஆபத்து என்று தோன்றினால் நிறுத்து என்று கத்தலாம். ஒருவர் கத்தினால் எல்லோரும் கத்த வேண்டும், வின்ச் நிற்க வேண்டும். ஆனால் வோல்க்மார் கத்தினால் யார் நம்புவார்கள்? போன கோடையில் இடிமழை வருகிறது என்று புளுகி அவளைத் தடுத்தவர் அவர். ஒரு வாரம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கு, இந்தச் சோதனை நாளில் கத்தினால் மன்னிக்கவே மாட்டாள்.

"நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார்.

ஊபோ திருப்பிக் கத்தினார், வயர்லெஸ்ஸில் யாரோ கத்தினார்கள், கயிறு தளர்ந்தது. கண்ணாடியைத் திறந்த இம்கேயின் முகம் சிவந்திருந்தது.

"இன்னிக்கு என்ன, பூகம்பமா?"

"அந்த சிமுலேட்டர் மெதுவா ஓடுது, இம்கே. அஞ்சு மாசமா. உன் நொடி நிஜ நொடி இல்லை."

"பயந்தா பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போயேன்டா. ஏன் இப்படி எல்லார் முன்னாடியும் கதை கட்டறே?"

"கதை இல்லை. மரத்துக்காக நான்தான் ஒரு கட்டத்துல டிக் போட்டேன், படிக்காமப் போட்டேன். உருளைக்கிழங்கு வெந்துடுச்சு, திரையில பதிமூணு நிமிஷம்தான் ஆச்சு." சொல்லும்போதே தன் பேச்சு பைத்தியக்காரன் பேச்சுபோல இருப்பது அவருக்கே தெரிந்தது. ஊபோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஹைட்ரூன் சிரிக்கவில்லை. "எவ்வளவு மெதுவா?"

"இங்க மூணு நொடியில நடக்கிறது அங்க நாலரை நொடி."

ஹைட்ரூன் இறங்கி வந்து இம்கேயின் பக்கத்தில் நின்றார். "கையைக் கோல்ல வை. நான் கை தட்டினா தள்ளு."

தட்டினார். இம்கே ஒரு மூச்சு விட்டுத் தள்ளினாள்.

"செத்தோம்" என்றார் ஹைட்ரூன். "மறுபடி."

 ஹைட்ரூன் முன்னால் நின்று தட்டினார், பின்னால் நின்று தட்டினார், ஊபோவிடம் பேசிக்கொண்டே திடீரென்று தட்டினார். முப்பது தடவைக்கு மேல் இருக்கும். கடைசியில் உள்ளங்கைகள் சேரும்போதே கோல் முன்னால் போயிருந்தது.

"சரி, அந்த மூச்சு விடற பழக்கம் போச்சு" என்றார் ஹைட்ரூன். "ஆனா இன்னிக்கு நான் கயிற்றைக் கழற்ற மாட்டேன். சும்மா மேல போய் ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். சோதனை அடுத்த வாரம்."

இம்கே வோல்க்மாரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கண்ணாடியை இழுத்து மூடினாள்.

கயிறு இறுகியது. கிளைடர் புல்லைவிட்டு எழும்பி மூக்கை நிமிர்த்தியது. ஐம்பது மீட்டர், எண்பது மீட்டர். வோல்க்மார் வழக்கம்போலக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அவர்தான் முதலில் பார்த்தார். விறைத்திருந்த கயிறு திடீரென்று துவண்டது. அதற்குப் பிறகுதான் டப் என்ற சத்தம் வந்து சேர்ந்தது.

 சத்தம் காதில் விழுந்தபோதே கிளைடரின் மூக்கு கவிழ்ந்திருந்தது. சரிந்து வேகம் பிடித்து, பைன் மரங்களுக்கு வெகுதூரம் முன்னாலேயே நேராக இறங்கி, புல்லில் உருண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அவர் ஓடினார். வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. போய்ச் சேர்ந்தபோது இம்கே கண்ணாடியைத் திறந்து பின்பக்கம் திரும்பிக் கெக்கலித்துக்கொண்டிருந்தாள்.

"கழற்ற மாட்டேன்னு சொல்லிட்டுக் கழற்றிட்டீங்களே! நல்ல ஆளு நீங்க. எப்படி என் கை?"

ஹைட்ரூனின் உதடு வெளுத்திருந்தது. "நான் தொடலை, இம்கே. நிஜமாவே அறுந்துடுச்சு. உன் கைக்கப்புறம்தான் என் கை கோலுக்கே வந்தது."

விளையாட்டு என்று நினைத்து இம்கே இன்னும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு வின்ச் பக்கமிருந்து விளக்குகளை மின்னவிட்டபடி பாய்ந்து வரும் ஜீப்பைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கோலிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முகம் வெளுத்துப்போய், "எனக்கு இறங்கணும். போதும். எனக்கு வேண்டாம்" என்றாள் சின்னக் குரலில்.

இரண்டு வருடமாக வோல்க்மார் கேட்கத் தவம் கிடந்த வார்த்தை அது. அவள் என்றாவது பயப்பட வேண்டும் என்று அவர் வேண்டாத தெய்வமில்லை. இப்போது அந்தப் பயம் அவள் முகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. இது அவருடைய முகம், அவள் முகத்தில் இருக்கவே கூடாது.

 கிளைடரின் விளிம்பைப் பற்றிக்கொண்டு குனிந்தார்.

"வேற கயிறு மாட்டச் சொல்றேன். ஒவ்வொரு முழமா நானே தடவிப் பார்க்கிறேன்" என்றார். "இன்னொரு தரம் போயிட்டு வா, இம்கே. இப்பவே போ."