சோறு போடாத கடை

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் உலு திராமில் ஒரு தமிழர் சோறே போடாத சாப்பாட்டுக் கடை திறக்கிறார் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்களும் உண்டு, கமலநாதனின் முகத்துக்கு நேராகவே சிரித்தவர்களும் உண்டு. சோறில்லாமல் எதற்குக் கடை, பேசாமல் தண்ணீர்ப் பந்தல் போட்டுவிடுங்கள் என்று கோயில் கமிட்டியில் ஒருவன் சொல்ல, மற்றவர்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் இருமல் வந்தது. கமலநாதனும் சேர்ந்து சிரித்துவைத்தார். அவருக்கு லேசில் கோபம் வராது. வந்தாலும் அடுத்தவருக்குத் தொந்தரவு இல்லாமல் உள்ளுக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடும்.

அவருக்கு அறுபத்தொரு வயது. நான்கு வருடங்களுக்கு முன் சர்க்கரை முற்றி இடது காலில் ஒரு விரலை எடுத்தார்கள். சோற்றைக் குறையுங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். இவர் அடியோடு நிறுத்திவிட்டார். சோறு, இட்லி, மீ நூடுல்ஸ், ரொட்டி, உருளைக்கிழங்கு, சீனிப் பால் ஊற்றி ஆற்றும் தே தாரேக் டீ எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் முழுக்குப் போட்டார். சர்க்கரை இறங்கியது. தொப்பை இறங்கியது. கிளினிக்கில் அவரை மற்ற நோயாளிகளுக்குக் காட்டிக் காட்டிப் பேசினார்கள்.

ஆனால் மாவுச்சத்தை விட்ட மனிதனுக்கு மனிதர்களும் குறைந்துபோவார்கள் என்பதை எந்த டாக்டரும் சொல்லவில்லை. நம் ஆட்கள் வீட்டில் எது நடந்தாலும் கடைசியில் சோற்றில்தான் வந்து நிற்கும். காதுகுத்து என்றாலும் சோறு, கருமாதி என்றாலும் சோறு. உங்களுக்கு என்னத்தைப் போடுவது என்று முதலில் அக்கறையாகக் கேட்டார்கள். பிறகு அலுப்போடு கேட்டார்கள். பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். வீட்டிலாவது துணை உண்டா என்றால் அதுவும் இல்லை. மகள் லோஷினி சிங்கப்பூரில் தாதி, அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போன மனைவி சந்திரமதி, மாதம் இரண்டு தடவை பாலம் தாண்டி வந்து, வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் கமலநாதன் அடுப்படியில் நின்றபடியே இரண்டு அவித்த முட்டையும் கொஞ்சம் கீரையும் சாப்பிடுவார். ஒரு ஆளுக்கு எதற்குத் தட்டு, எதற்கு நாற்காலி? ஐந்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் மதியம்தான் முடியவே முடியாது.

அப்படி ஒரு மதியத்தில்தான் அவருக்குக் கடை யோசனை வந்தது. தன்னைப் போல் சோற்றை விட்டவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களெல்லாம் எங்கே போய் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மெயின் ரோட்டோரமாக ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்தார். சமையலுக்கு டொரத்தி வந்தாள். பாலோ என்ற ஊரில் பிறந்தவள், தொழிற்சாலைக் கேன்டீனில் இருபது வருடம் முந்நூறு பேருக்குச் சோறு வடித்தவள். காலிஃபிளவரைத் துருவிச் சோறு மாதிரி தாளிக்க வேண்டும் என்று கமலநாதன் விளக்கியபோது, இவருக்குக் கால் விரலோடு வேறு எதையாவது எடுத்துவிட்டார்களா என்பது போலப் பார்த்தாள். ஆனால் கைப்பக்குவம் உள்ளவள். ஆட்டுக்கறிப் பிரட்டல், தேங்காய்ப் பால் ஊற்றிய மீன் குழம்பு, பெத்தாய்க் கொட்டை போட்ட காரச் சம்பல், முட்டைக்கோஸ் புட்டு, சீனி போடாத காப்பி என்று ஒரு மாதத்தில் தேறிவிட்டாள். ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. மத்தியானம் பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடுவாள். முதலாளிக்கு முன்னால் சாப்பிடுவது பாவம் என்று அவளாகவே செய்துகொண்ட ஏற்பாடு அது.

மேசை விஷயத்தில்தான் கமலநாதன் பிடிவாதமாக இருந்தார். தச்சர், இருவர் இருவராக உட்காரும் சின்ன மேசைகள் போட்டால்தான் கடைக்கு லாயக்கு என்றார். முடியாது, ஒரே மேசை, பதினாறு பேர் எதிரும் புதிருமாக உட்காரும் அளவுக்கு நீளமாக வேண்டும் என்று இவர் சொல்லிவிட்டார். பந்தி மாதிரி இருக்க வேண்டுமாம். ஊர் அதற்கும் சிரித்தது. அந்தப் பதினாறு இடத்தில் பதினைந்தைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. ஓர் இடத்தில் மணியம் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கடை திறந்ததற்கு அவர் ஊருக்குச் சொன்ன காரணம் வேறு. மனசுக்குள் இருந்த காரணம் இதுதான்.

மணியமும் அவரும் முப்பது வருடம் ஒரே பலகை ஆலையில் வேலை செய்தவர்கள். ஒரே மோட்டார் சைக்கிளில் போய் வந்தவர்கள். மணியத்துக்கு எப்போதும் ஏதாவது ஒரு சிக்கல் இருக்கும். மோட்டார் நின்றுவிடும், கூரை ஒழுகும், பெண்டாட்டி காளியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் நேராகக் கமலநாதன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். மணியத்தின் மகன் ஜீவன் ஒரு சமயம் இரண்டு மாதம் இவர் வீட்டிலிருந்துதான் பள்ளிக்கூடம் போனான். இவரோ மணியத்திடம் ஒரு உதவி என்று கேட்டதில்லை. கேட்காமல் வாழ்ந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த ஜீவனின் கல்யாணம் இரண்டு வருடத்துக்கு முன் ஸ்கூடாய் கோயில் மண்டபத்தில் நடந்தது. இலைச் சாப்பாடு. தாலி கட்டி முடிந்ததும் கமலநாதன் யோசித்தார். உட்கார்ந்தால் சோறு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பரிமாறுகிறவன் ஏன் என்பான், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், மணியம் சமையல்காரனைத் தேடி ஓடுவார். கல்யாண வீட்டில் அந்த மனிதருக்கு எதற்கு நம்மால் ஒரு தொல்லை? மொய்யை எழுதிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டார். நல்லது செய்ததாகத்தான் நினைத்தார்.

மணியமோ கடைசிப் பந்தியில் சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்து, பக்கத்து இலையில் யாரையும் உட்கார விடாமல் காத்திருந்தாராம். என் அண்ணன் மாதிரி ஒருத்தர் வருவார் என்று சொல்லி, கூட்டு பொரியல் எல்லாம் வைத்து, சோறு மட்டும் ஆள் வந்த பிறகு என்று நிறுத்தியிருந்தார்களாம். ஆள் வரவில்லை. மொய் எழுதிவிட்டுக் கை நனைக்காமல் போய்விட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போவது என்றால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான். இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்பதை வாயால் சொல்லாமல் சொல்லும் வழி அது. கமலநாதனுக்கு இது தெரியாதா? தெரியும். தனக்கும் மணியத்துக்கும் நடுவில் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது என்று நினைத்துவிட்டார். மணியம் சண்டைக்கு வரவில்லை. வராமலே போய்விட்டார். கோயிலில் பார்த்தால் தலையை அசைப்பார், அவ்வளவுதான். கமலநாதனும் விளக்கம் சொல்லப் போகவில்லை. போய்ச் சொல்லி, அந்த மனிதரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று இருந்துவிட்டார்.

கடை திறப்புக்கு அழைப்பு வைக்கப் போனபோது மணியம் வீட்டில் இல்லை. காளியம்மாதான் அழைப்புத் தட்டை வாங்கிக்கொண்டாள். வரச் சொல்கிறேன் அண்ணே என்றாள். திறப்பு விழா அன்று பால் காய்ச்சினார்கள், கூட்டமும் சுமாராக வந்தது. எல்லோரும் காலிஃபிளவரைக் கௌரவமாகச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஆளுக்கு ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார்கள். மணியம் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் உடற்பயிற்சிப் பையன்கள், மெலிய நினைக்கும் பெண்கள், வங்கியில் வேலை செய்யும் ஒரு சீனப் பெண்மணி, உணவு டெலிவரிக்காரர்கள். வியாபாரம் மோசமில்லை. ஆனால் பாதிப் பேர் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உட்கார்ந்தவர்கள் நடுவில் இரண்டு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். தண்ணீர்க் குவளையில் போனைச் சாய்த்து வைத்து, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, மருந்து சாப்பிடுவது போலச் சாப்பிட்டார்கள். எதிரில் இருப்பவர் யார் என்று ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கமலநாதன் குழம்பு வாளியோடு போய் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டால், காதிலிருப்பதைக் கழற்றி, என்ன அங்கிள் என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்று மறுபடி மாட்டிக்கொண்டார்கள். வீட்டில் ஒருவர் தனியாகச் சாப்பிட்டார். கடையில் பத்துப் பேர் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். இதற்கா இவ்வளவு பெரிய மேசை என்று அவருக்கே துக்கமாக இருந்தது.

ஏழாவது வாரம் புதன்கிழமை, மதியக் கூட்டம் ஓய்ந்து மூன்று மணி இருக்கும்போது மணியம் வந்தார். கதவருகே நின்று ஹெல்மெட்டைக் கழற்றினார். மேசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டு, நட்டநடுவில் போய் உட்கார்ந்தார்.  வாயேன் மணியம் என்று கமலநாதன் சொன்னது அவர் காதுக்கே கேட்கவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போய் அன்றைக்குச் செய்ததற்குச் சரிக்குச் சரி செய்யப் போகிறாரோ என்று பயந்தார். இலையைப் போட்டு, இருந்த அத்தனையும் எடுத்து வைத்தார். மணியம் தொடவில்லை.

"நீ உக்காரலயா?" என்று கேட்டார்.

தான் ஒரு மணிக்கே சாப்பிட்டுவிட்டதாகக் கமலநாதன் சொன்னார். அப்படியென்றால் தனக்கும் வேண்டாம் என்று மணியம் கையைக் கட்டிக்கொண்டார். பிறகென்ன, கமலநாதனும் பக்கத்தில் ஓர் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இருவரும் சாப்பிட்டார்கள். மணியம் காலிஃபிளவரை மீன் குழம்பில் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். டொரத்தி பின்கட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் மீண்டும் சாத்திக்கொண்டாள். கமலநாதனுக்கு வயிறு நிறைந்திருந்தும் ஒவ்வொரு வாயும் ருசித்தது. யாரோ ஒருவர் மெல்லும் சத்தம் பக்கத்தில் கேட்க, இப்படிச் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் மணியம், ஞாயிற்றுக்கிழமை பினாங்குக்குக் கிளம்புவதாகச் சொன்னார். ஜீவனுக்கு அங்கே வேலை. குழந்தை பிறந்திருக்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. காளியம்மாவுக்கும் அவருக்கும் இனி அங்கேதான்.  இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது? எச்சில் கையோடு உட்கார்ந்தபடியே கமலநாதன் சொன்னார்.

"அன்னிக்கு நான் வேணும்னு சாப்பிடாமப் போகல மணியம். கல்யாண வீட்டுல உனக்கு ஒரு தொந்தரவா இருக்க வேணாம்னுதான்..."

மணியம் அவரை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"தொந்தரவா? முப்பது வருஷமா நான் உனக்குக் குடுத்தேனே, அதுக்கு என்ன பேரு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் உன்கூட உக்காந்து வெறும் கூட்டும் பொரியலும் தின்னுட்டு எந்திரிச்சிருப்பேன். என் மவன் கல்யாணத்துல உன்கிட்ட நான் கேட்டது அதுதான்பா. நீ என்னைக்குமே யார்கிட்டயும் ஒண்ணும் கேக்க மாட்ட. எங்களுக்கு அது எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்திருக்கியா?"

  ஒரு மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்க வெட்கப்பட்டு, அதற்குப் பதிலாகப் பதினாறு நாற்காலி போட்டு ஒரு கடையைத் திறந்திருக்கிறோம் என்பது கமலநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை. மணியம் கை கழுவிவிட்டு வந்து அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். பினாங்கு வந்தால் வீட்டில்தான் தங்க வேண்டும் என்றார். மணியத்தின் மோட்டார் ரோட்டில் திரும்பி மறையும் வரை கமலநாதன் கடை வாசலில் நின்றார்.

உள்ளே வந்து, மேசை ஓரமாக உட்கார்ந்து போனை எடுத்தார். சந்திரமதி எடுத்தாள். பின்னணியில் பேரப்பிள்ளைகளில் ஒன்று அழுதுகொண்டிருந்தது.

"சந்திரா, இந்த வாரம் வந்து கொஞ்ச நாள் என்கூட இரு" என்றார்.

 அவள் குரல் பதறியது.

"என்னங்க ஆச்சு? கால்ல புண்ணா? ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா இல்லயா?"

முப்பத்து நான்கு வருடத்தில் அவர் அவளிடம் என்கூட இரு என்று கேட்டதில்லை. இந்த மனிதர் கேட்கிறார் என்றால் உயிர் போகிற விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள் பாவம்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. தனியாச் சாப்பிட முடியல. அவ்வளவுதான்."

லோஷினிக்கு இந்த வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட், பிள்ளைகளை யார் பார்ப்பது என்று சந்திரமதி இழுத்தாள். பரவாயில்லை, நீ அங்கேயே இரு என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவளுக்கும் நிம்மதி, மகளுக்கும் நிம்மதி. கமலநாதன் அதைச் சொல்லவில்லை. போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.